கடற்கரையில் அடப்பங்கொடி நட்டு மணல்மேட்டை மீட்பது எப்படி

கடலோர ஊரில் மணல் பறந்து வந்து திண்ணையிலும் சோற்றுப் பானையிலும் விழுகிறது என்றால், முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் கரையை ஒட்டிய மணல்மேடு. பெரும்பாலும் அங்கே கொடி அழிந்து, மணல் வெறுமனே கிடக்கும். அந்தக் கொடியைத் திரும்பக் கொண்டுவரலாம். பெரிய செலவு இல்லை, இயந்திரமும் வேண்டாம். எங்கே நடுவது, எப்போது நடுவது, எந்த இடத்தில் கை வைக்காமல் விடுவது என்ற மூன்றும் தெரிந்திருந்தால் போதும்.

என் ஊர் வேளாங்கண்ணிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் இருக்கிறது. நெத்திலி, காரல், வாளை வாங்கிக் காயப்போட்டு விற்பது எங்கள் வீட்டுத் தொழில். கருவாட்டில் மணல் ஒட்டினால் விலை போச்சு. வியாபாரி ஒரு கை நெத்திலியை அள்ளி உதறிப் பார்ப்பார், உள்ளங்கையில் மணல் நின்றால் உடனே விலையைக் குறைத்துவிடுவார். எங்கள் களத்துக்கு முன்னால் கொடி அடர்ந்திருந்த பகுதியில் காயும் மீன் சுத்தமாகவும், கொடி அழிந்த பகுதியில் காயும் மீன் மணலோடும் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு இந்தச் செடி மேல் கவனம் வந்தது. இப்போது தொழிலைத் தாண்டியும் இது எனக்குப் பிடித்த செடி.

கொடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

எங்கள் பக்கம் அடப்பங்கொடி. பழைய இலக்கியத்தில் அடும்பு. ஈழத்தில் அடம்பன் கொடி என்பார்கள். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று அங்கே ஒரு பழமொழியும் உண்டு. தாவரவியலில் இதற்கு ஐப்போமியா பெஸ்-காப்ரே என்று பெயர். சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் இதே பேரினம்தான்.

இலைதான் முதல் அடையாளம். தடிப்பாக, மழமழவென்று இருக்கும், நுனி நடுவில் பிளந்து இரண்டு மடலாகத் தெரியும். சங்கப் புலவர்கள் இதை மானின் குளம்புக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. உச்சி வெயிலில் இரண்டு மடலும் நடுநரம்பை ஒட்டி மேலே மடங்கி நிற்கும். வெயில் நேராக இலையில் விழாமல் இருக்க அது செய்துகொள்ளும் ஏற்பாடு. தண்டைக் கிள்ளினால் பால் வரும். இலையும் காம்பும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், இரண்டு சின்னப் புள்ளிகள் இருக்கும். அதில் தேன் கசியும், எறும்பு வந்து மொய்க்கும். அந்த எறும்பைத் தட்டிவிட வேண்டாம். இலை தின்ன வரும் பூச்சிகளை அதுதான் விரட்டுகிறது.

பூ, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல். தொண்டைப் பகுதியில் நிறம் அடர்ந்திருக்கும். விடியும்போது விரிந்து, மத்தியானத்துக்கு மேல் சுருங்கிவிடும். ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுசு. அதனால் பூவைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போக வேண்டும். அப்போது போனால் பெரிய கருவண்டுகள் பூவுக்குள் முழு உடம்பையும் நுழைத்துவிட்டு, முதுகில் மகரந்தத்தோடு வெளியே வருவதையும் பார்க்கலாம்.

மணலில் படரும் எல்லாக் கொடியும் அடப்பங்கொடி இல்லை. ஒரு காம்பில் மூன்று இலை இருந்தால் அது அவரை இனத்துக் கொடி. அதுவும் ரோஸ் நிறத்தில் பூக்கும், அதனால் தூரத்தில் இருந்து பார்த்தால் குழப்பம் வரும். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் என்றால் அது அடப்பங்கொடிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டுமே மணலைப் பிடிப்பவைதான், இருந்தால் இருக்கட்டும். ஆனால் குளம் குட்டையில் நிமிர்ந்து வளர்ந்து இதே சாயலில் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை எக்காரணம் கொண்டும் கரைக்குக் கொண்டுவந்து நடாதீர்கள். அது வெளியில் இருந்து வந்து நம் நீர்நிலைகளை அடைத்த செடி.

அது எங்கே வாழ்கிறது என்று நடந்து பாருங்கள்

நடுவதற்கு முன்னால் ஒரு காலையில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கை படாமல் இருக்கும் கரை ஒன்றைத் தேடிப் போய், தண்ணீர் விளிம்பில் இருந்து ஊரைப் பார்த்து நடங்கள். அலை நனைக்கும் மணலில் எதுவும் முளைக்காது. அதற்கு மேலே, பாசியும் சிப்பியும் குச்சியும் ஒதுங்கிக் கிடக்கும் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியதும் சின்னச் சின்ன மணல் திட்டு தொடங்கும். அங்கேதான் அடப்பங்கொடியின் நுனிகள் கடலைப் பார்த்து நீண்டு கிடக்கும். இன்னும் மேலே போனால் மேட்டின் நெற்றி. அங்கே கொடி கம்பளமாக இருக்கும், நடுநடுவே ராவணன் மீசை என்ற முள்புல் குத்துக்குத்தாக நிற்கும். மேட்டைத் தாண்டிப் பின்சரிவில் தாழை, புதர்கள், அப்புறம் பனை.

இந்த வரிசை தற்செயலாக வந்ததல்ல. முன்வரிசையில் நிற்பது சாதாரணச் செடியால் முடியாத காரியம். உப்புச் சாரல் படும், மணல் காலைச் சுடும், உரம் என்று எதுவும் இல்லை, நிற்கும் தரையே நகரும். அடப்பங்கொடியின் தண்டில் கணு ஒவ்வொன்றும் வேர் விடும். ஒரு பக்கம் மணல் மூடினால் அந்தக் கணு வேர் பிடித்து, நுனி மேலே ஏறி வரும். மூடுவதால் அது சாகாது, இன்னும் உறுதியாகும். தரையை ஒட்டிக் கிடக்கும் இலைகளில் காற்று தடுமாறி வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் தூக்கி வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. கொடி அதன் மேல் ஏறுகிறது. காற்று மறுபடி மணலைப் போடுகிறது. மணல்மேடு வளர்வது இப்படித்தான்.

மேடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, புயல் அலை வரும்போது கடல் முதலில் கடிப்பது இந்த மேட்டைத்தான். இங்கே சேர்ந்த மணல் அப்போது கடலுக்குள் போய்க் கரைக்கு முன்னால் திட்டாகப் படிகிறது, அடுத்த அலையின் வேகத்தைக் குறைக்கிறது, அமைதியான மாதங்களில் திரும்பவும் கரைக்கு வருகிறது. இரண்டாவது, மழைத் தண்ணீர். மேட்டில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் தங்கி நிற்கிறது. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் கிணறு என்று சொல்வதெல்லாம் மேட்டுக்குப் பின்னால் இருப்பவைதான். மணலை வாரி விற்ற இடத்தில் கிணறு கரிக்கத் தொடங்கிவிடும்.

சவுக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். கரையைக் காக்கும் என்ற நல்ல எண்ணத்தில்தான். ஊருக்குள், மேட்டுக்குப் பின்னால், விறகுக்கும் கழிக்கும் சவுக்கு வளர்ப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பல குடும்பங்களுக்கு அது வருமானம். ஆனால் மேட்டின் முன்சரிவில், அலைக்கோடு வரைக்கும் சவுக்கு வைத்தால், உதிர்ந்த செத்தை மெத்தையாகப் படிந்து அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் நிழலில் செத்துப்போகும். கொடி போன இடத்தில் மேடு வளராது. முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் வேர் மண்டிய மணலில் குழி தோண்ட இடம் இருக்காது. 2018 நவம்பர் 16 கஜா கரையேறிய இரவில் எங்கள் பக்கம் சவுக்கும் தென்னையும் சாய்ந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். கொடியில் சாய்வதற்கு எதுவும் இல்லை. எனவே முன்சரிவு கொடிக்கு, பின்னால் மரத்துக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் வேலை ஊரோடு பேசுவது

மேடு யாருக்கும் சொந்தமில்லாத இடமாகத் தெரியும். ஆனால் எல்லோருக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது. வலை காயப்போடுவது, போட் ஏற்றுவது, கருவாடு, பிள்ளைகள் விளையாட்டு. சொல்லாமல் வேலி போட்டால் அடுத்த வாரம் வேலி இருக்காது, அப்படிப் பிடுங்குபவர்கள் மேலும் தப்பில்லை. நான் பேச்சைத் தொடங்கியதும் எங்கள் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்: “ஏம்மா, கொடியை இங்க விட்டா போட்டை எங்க ஏத்துறது? வலை சிக்குனா யாரு எடுக்குறது?” நியாயமான கேள்வி. அதனால் போட் ஏற்றும் துறையையும் வலை உலர்த்தும் திடலையும் முதலில் கயிறு பிடித்து ஒதுக்கினோம். மீதிதான் கொடிக்கு. அவரே பிறகு மாட்டை மேட்டுப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டார்.

பாதை விடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஊரில் இருந்து கடலுக்கு நேர்கோட்டில் பாதை விட்டால் கடற்காற்று அந்த வழியாகவே புகுந்து மணலை அள்ளும். கொஞ்ச காலத்தில் பாதை பள்ளமாகி, மேடு இரண்டாகப் பிளந்துவிடும். பாதையைச் சாய்வாக, ஒரு வளைவு வைத்து விடுங்கள். அகலம் இரண்டு பேர் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அளவு போதும். மணல் ரொம்பக் குழையும் இடத்தில் பனை ஓலை மட்டையைக் குறுக்கே போட்டுவிடலாம்.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2011-லும் 2019-லும் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளில் மணல்மேடுகள் மிகவும் காக்கப்பட வேண்டிய பிரிவில், ஆமை முட்டையிடும் இடங்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மேட்டை ஜேசிபி வைத்துச் சமப்படுத்த யாராவது வந்தால் இதைச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். 2011 அறிவிக்கைப்படி ஆட்சியர் தலைமையில் அமையும் குழுவில் மீனவர் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. நீங்கள் நடுவதற்கும் ஊராட்சியில் ஒரு கடிதம் கொடுத்து வைத்தால் பின்னால் பேச்சு வராது. கோடியக்கரை சரணாலயம் போன்ற வனத்துறை எல்லைக்குள் ஒரு தண்டைக்கூட வெட்டக் கூடாது. அங்கே போனால் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவே பெரிய பாடம்.

எப்போது நடுவது

நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர் கரைகளுக்கு மழை என்றால் வாடை மழைதான். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்து, ஒரு சாண் தோண்டினால் மணல் ஈரமாக ஒட்டுகிறது என்றால் நடலாம். அதற்கு முன்னால் நட்டால் தண்ணீர் தூக்கியே இடுப்பு ஒடிந்துவிடும். மாசி பங்குனியில் நடுவது வீண் வேலை. அந்த மாதங்களில் காய்ந்த மணலைக் காற்று தூக்கிப்போய், வேர் பிடிக்காத தண்டை வெளியே காட்டிவிடும்.

ஐப்பசி கார்த்திகையில்தான் புயல் அலையும் வரும். அதனால் நான் முன்சரிவில் நடுவதே இல்லை. மேட்டின் நெற்றியிலும் அதற்குக் கொஞ்சம் பின்னாலும் மட்டும் நடுவேன். கொடி தானாகவே கடலை நோக்கி இறங்கி வரும், தனக்கு ஏற்ற எல்லையில் நின்றுகொள்ளும். அலை எங்கே வரை வரும் என்பது நம்மைவிட அதற்குத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. பங்குனி ஆமைகள் எங்கள் கரைக்கு முட்டையிட வருவது மார்கழிக் கடைசியில் தொடங்கி பங்குனி வரைக்கும் இருக்கும். அவை தேடி வருவது அலைக்கோட்டுக்கும் மேட்டின் அடிக்கும் நடுவில் இருக்கும் வெற்று மணலைத்தான். அந்தப் பட்டையைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மார்கழி பிறந்ததும் மண்வெட்டி வேலையை முழுவதும் நிறுத்திவிடுங்கள்.

தண்டு எடுப்பதும் நடுவதும்

விதையைவிடத் தண்டுதான் எளிது. பக்கத்துக் கரையில் நன்றாக அடர்ந்த இடத்துக்கு விடிகாலையில் போங்கள். ஒரே புதரில் இருந்து எல்லாத் தண்டையும் வெட்டக் கூடாது. அதனால் புதர் மெலியும் என்பது ஒரு காரணம், அதைவிட முக்கியமான காரணம் வேறு. அடப்பங்கொடி தன் மகரந்தத்தை ஏற்றுக் காய்ப்பது அரிது, வேறு கொடியின் மகரந்தம் வேண்டும். ஒரே கொடியில் வெட்டிய தண்டுகளை வைத்து ஒரு கரை முழுக்க நட்டாலும் அது ஒரே செடிதான். பூ கரை நிறைய இருக்கும், காய் இருக்காது. ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் நாலைந்து புதர்களில் எடுத்து, நடும்போது கலந்து நடுங்கள்.

நுனியில் இருக்கும் இளந்தண்டு வாடிவிடும். அடியில் மரம் போல் முற்றியது மெதுவாகத்தான் வேர் விடும். நடுத்தரமாக, விரல் கனத்தில், பச்சையும் சிவப்புமாக இருக்கும் பகுதியை எடுங்கள். ஒரு துண்டில் 4 அல்லது 5 கணு இருக்க வேண்டும், நீளம் 40 முதல் 60 செ.மீ. வரும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் வேரோடு மணலும் பெயர்ந்து, வெட்டிய இடத்திலேயே மேட்டில் ஓட்டை விழும். கூரான கத்தியால் வெட்டி, வேர் பிடித்த கணுக்களைத் தாய்க்கொடிக்கே விட்டுவிடுங்கள். பால் கையில் பிசுபிசுக்கும், கண்ணைத் தொடாமல் வேலை செய்யுங்கள்.

வெட்டிய தண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அன்றைக்கே நட்டுவிட வேண்டும். நேரம் சாயங்காலம் 4 மணிக்கு மேல். அடிப்பக்க இலைகளைக் கிள்ளிவிட்டு, நுனியில் இரண்டு மூன்று இலையை மட்டும் விடுங்கள்.

குழி தோண்டும்போது மேலே இருக்கும் காய்ந்த மணலை ஒதுக்கிவிட்டு ஈர மணல் தெரியும் வரைக்கும் போங்கள். 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் கையால் ஒரு சின்ன வாய்க்கால் எடுத்து, தண்டைச் சாய்வாகப் படுக்க வையுங்கள். மூன்று கணுவாவது மணலுக்குள் போக வேண்டும், நுனி வெளியே. நுனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடலைப் பார்த்து வையுங்கள், அது போகப்போகும் திசை அதுதான். ஈர மணலையே மேலே தள்ளிக் காலால் மிதிக்காமல் கையால் அழுத்துங்கள். தண்டுக்கும் மணலுக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த தண்டு 1 மீட்டர் தள்ளி. இரண்டாவது வரிசையை முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக வையுங்கள், காற்று நேராக ஊடுருவ வழி இருக்காது.

செம்மண், வண்டல், சாணம், யூரியா எதுவும் போடாதீர்கள். நல்லெண்ணத்தில் லாரி மண் கொண்டுவந்து கொட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மண்ணோடு வந்த களையும் சீமைக்கருவேல விதையும்தான் முளைக்கும். அடப்பங்கொடிக்கு மணல் போதும். கரையில் ஒதுங்கும் பாசியும் கடற்புல்லும் மக்கினால் கிடைக்கும் சத்தே அதற்குத் தாராளம், அதனால் அவற்றை வாரி எரிக்காமல் கிடந்த இடத்திலேயே விடுங்கள்.

மழை தொடர்ந்தால் வேறு எதுவும் செய்ய வேண்டாம். ஒரு வாரம் வெயில் அடித்தால் மட்டும் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கணுவில் புது இலை தெரியும். முதல் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். தண்டைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

விதையில் இருந்து வளர்க்க

பள்ளிப் பிள்ளைகளோடு செய்வதற்கு விதைதான் நல்லது. உருண்டையான காய் காய்ந்து பழுப்பாகித் தானாக வெடிக்கும். உள்ளே 4 விதை. கறுத்த பழுப்பு நிறத்தில், வெல்வெட் மாதிரி மயிர் மூடியிருக்கும். சின்னத் துளை விழுந்த விதையை ஒதுக்குங்கள், வண்டு புகுந்திருக்கும். நெல்லைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் பழக்கத்தை இங்கே காட்ட வேண்டாம். இந்த விதை மிதக்க வேண்டிய விதை. உள்ளே காற்று இருக்கிறது, தோல் தண்ணீரை உள்ளே விடாது, மாதக்கணக்கில் கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும். உலகத்தின் வெப்பமான கடற்கரைகளில் எல்லாம் இந்தக் கொடி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கடினமான தோல் நமக்குத்தான் தடை. உப்புத்தாளிலோ சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள். கறுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய நிறம் துளி தெரிந்தால் போதும். விதையின் தழும்பு இருக்கும் பக்கத்தைத் தேய்க்கக் கூடாது, முளை அங்கேதான் இருக்கும். ராத்திரி முழுக்க நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால், காலையில் பருத்திருப்பவை தண்ணீர் குடித்தவை. பருக்காததை இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். கடற்கரை மணலையே சிரட்டையில் நிரப்பி, 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்து வரும் முதல் இரண்டு இலையும் ஆழமாகப் பிளந்து வால் மாதிரி இருக்கும். இதைப் பார்த்துச் செடி மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள், அவை வித்திலைகள். குளம்பு இலை அடுத்துத்தான் வரும். ஆவணியில் விதைத்தால் ஐப்பசி மழைக்கு நடத் தயாராக இருக்கும்.

நட்ட பிறகு

முதல் வருஷம் மிதிபடாமல் காப்பதுதான் முழு வேலை. கொடி மணலையும் உப்பையும் தாங்கும், மாட்டுக் குளம்பையும் டிராக்டர் சக்கரத்தையும் தாங்காது. கம்பி வேலி போடாதீர்கள், அது துருப்பிடித்து மணலுக்குள் புதைந்து யார் காலையாவது கிழிக்கும். பழைய வலையும் வேண்டாம், ஆமை சிக்கும். மூங்கில் குச்சி நட்டு, ஊர்ப் பக்கம் மட்டும் தேங்காய்நார்க் கயிறு கட்டினால் போதும். கடல் பக்கம் திறந்தே இருக்கட்டும்.

கரையைச் சுத்தம் செய்ய வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிளாஸ்டிக், தெர்மாகோல், அறுந்த வலைத் துண்டு எல்லாவற்றையும் எடுக்கலாம், எடுக்க வேண்டும். ஆனால் கையால். இரும்பு வாரியால் வாரினால் புதிதாக எழும் சின்ன மணல் திட்டும் சேர்ந்து போய்விடும். கொடிக்குள் சிக்கிய வலையை இழுக்காமல் கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக நறுக்கி எடுங்கள். நேரம் ஆகும்தான், கொடி பிழைக்கும்.

மேடு உயர்கிறதா என்று தெரிந்துகொள்ள, நட்ட இடத்தில் ஒரு கழியை ஆழமாக இறக்கி, பெயிண்டில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். அமாவாசைக்கு அமாவாசை எத்தனை கோடு வெளியே தெரிகிறது என்று குறித்து வந்தால் போதும். கூடவே ஒரே இடத்தில் நின்று ஒரு போட்டோ. ஊராட்சியில் பேசும்போது இந்தக் குறிப்பேடு பத்துப் பேச்சுக்குச் சமம்.

ஏதாவது ஒரு கார்த்திகையில் கடல் ஏறி மேட்டின் முகத்தைச் செங்குத்தாக வெட்டிவிடும். கொடிகள் வேரோடு அந்தரத்தில் தொங்கும். பார்க்க வயிறு எரியும். அப்போது கருங்கல் கொட்டச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். தொங்கும் கொடியை வெட்டவும் வேண்டாம். மணல் திரும்பி வரும் மாதங்களில் அந்தத் தொங்கும் தண்டுகள்தான் கீழே மணலைத் தொட்டு மறுபடி வேர் பிடிக்கும். கடல் கொண்டுபோனதில் பாதியாவது திரும்பி வந்ததா என்று அடுத்த ஆவணி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் புதிதாக நடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

கொடி மேட்டை மூடிய பிறகு ராவணன் மீசையும் தானாக வரும். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்ளுருண்டை காற்றில் உருண்டு வந்து கொடியில் சிக்கி நிற்கும், விதை அங்கேயே விழும். அதைப் பிடுங்கிப் போடாதீர்கள், குத்தும் என்பதைத் தவிர அதனால் கெடுதல் இல்லை. சீமைக்கருவேலங் கன்று தெரிந்தால் மட்டும் விரல் உயரத்திலேயே பிடுங்கிவிடுங்கள்.

கடலில் குளிக்கும் பிள்ளைகளுக்குச் சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் அடப்பங்கொடி இலையைக் கசக்கித் தேய்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். எரிச்சல் அடங்கும் என்பார்கள். ஆனால் மூச்சு வாங்கினாலோ, உடம்பு முழுக்கத் தடித்தாலோ இலையைத் தேடிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இலையை அரைத்துக் குடிப்பது, விதையைத் தின்பது எல்லாம் கூடவே கூடாது.

இரண்டாம் வருஷத்தில் காய் வந்தால் நீங்கள் தண்டுகளைக் கலந்து நட்டது பலித்தது என்று அர்த்தம். காய் வெடிக்கும் முன் பழுப்பானதைப் பறித்து, நிழலில் காயவைத்து, துணிப் பையில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தோலைத் தேய்க்காத வரைக்கும் விதை வருஷக்கணக்கில் கெடாது. எங்கள் வீட்டுப் பையில் இருந்து வடக்கே இரண்டு ஊருக்கு விதை கொடுத்திருக்கிறோம். கேட்டு வருபவர்களிடம் காசு வாங்குவதில்லை, உப்புத்தாளில் எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்பதை மட்டும் செய்து காட்டி அனுப்புகிறோம்.